குழவியால் உடைந்த தாடை

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் தென்காசியில் எங்கள் மருத்துவமனைக்கு உடைந்த தாடைகள் வர ஆரம்பிக்கும். பாறையில் வழுக்கி விழுந்தவை, குடித்துவிட்டு அடித்துக்கொண்டவை. அருவிக்கரையில் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவனை அவன் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்தாள். வாயிலிருந்து எச்சிலும் இரத்தமுமாக ஒழுகியது. வழுக்கி விழுந்ததாகச் சைகை காட்டினான்.

கடிக்கச் சொன்னேன். பற்கள் பொருந்தவில்லை. தாடை விளிம்பில் விரலை ஓட்டினேன். இடப்பக்கம் எலும்பு படிபோல் இறங்கியிருந்தது. விழுந்தவர்களுக்கு மோவாய் கிழிந்திருக்கும். இவனுக்குக் கீறல்கூட இல்லை.

"எப்படிம்மா ஆச்சு?" என்றேன் மனைவியிடம்.

"நான்தான் அம்மிக் குழவிய எடுத்து அடிச்சேன், டாக்டரம்மா. கழுத்தப் புடிச்சி நெரிச்சான். கைக்கு எட்டுனது அதுதான்."

சேலைத் தலைப்பை விலக்கினாள். கழுத்தில் விரல் தடங்கள் கன்றிப்போயிருந்தன. இருவர் காயங்களையும் எழுதி, போலீசுக்குத் தகவல் அனுப்பினேன்.

உடைந்த இடத்தில் தகடு வைத்து முடுக்கி, மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் சேர்த்துக் கம்பியால் கட்டினோம். பார்த்துக்கொள்ள வேறு ஆள் வரவில்லை, அவளே இருந்தாள். கட்டில் தலைமாட்டில் கம்பி வெட்டும் குறடைத் தொங்கவிட்டு, "வாந்தி வந்தா மூச்சடைச்சிரும். எங்களக் கூப்பிட்டுட்டு, உடனே இதால வெட்டிரு" என்று அவளுக்குச் செய்து காட்டினேன்.

ஒரு மத்தியானம் அவனுடைய கூட்டாளி ஜூஸ் பாட்டிலில் பிராந்தி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அலறல் கேட்டு ஓடினேன். மூக்கு வழியாக வாந்தி பீறிட, முகம் நீலம் பாய்ந்து துடித்துக்கொண்டிருந்தான். அவள் கட்டில்மேல் ஏறி, அவன் கைகள் தன் முகத்தில் அறைய அறைய, கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒருக்களித்துப் புரட்டினாள். எல்லாம் கொட்டியது.

மூச்சு திரும்பியதும் அவன் வாயிலிருந்து வந்தது ஒரு கெட்ட வார்த்தை. அடுத்து, வயிற்றில் ஓங்கி ஓர் உதை. சலைன் கம்பத்தோடு சேர்ந்து விழுந்தாள். வார்டு ஊழியர்கள் அவனை அமுக்கிப் பிடித்தார்கள்.

உதட்டு இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இனிம நீங்களே பாத்துக்கிடுங்க. பிள்ளையக் கூட்டிக்கிட்டு திருப்பூருக்குப் போறேன். பனியன் கம்பெனியில வேல இருக்கு. அவன்ட்ட சொல்லிராதீய" என்று என் காதருகே சொன்னாள். நர்ஸ் ஒருத்தி அவளோடு போலீஸ் ஸ்டேஷன் வரை போனாள். புகார் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாளாம்.

மறுபடி கட்டும்போது கம்பியைத் தேவைக்கு மேல் முறுக்க என் விரல்கள் துடித்தன. முறுக்கவில்லை. எலும்பு நேராகவே கூடியது.

கட்டை அவிழ்த்த அன்று, வாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அவ எங்கன இருக்கா?"

தெரியாது என்றேன்.