நடுக்கோட்டில் ஒரு முட்டை

கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்பார் என் வீட்டுக்காரர். நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. அப்படிப்பட்டவரை, மகள் வேலை பார்க்கும் ஈக்வடார் நாட்டின் தலைநகர் குயிட்டோவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கொஞ்ச நாளாவது முட்டையைக் கண்ணால் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மலைமேல் இருக்கும் அந்த ஊரில் படியேறினாலே மூச்சு வாங்கியது. மறுநாள் மகள் எங்களைப் பூமத்திய ரேகை போகும் பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போனாள். தரையில் சிவப்புக் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். அதன்மேல் ஆணி அடித்த மரக்கட்டை. வழிகாட்டிப் பெண் கூடையிலிருந்து எடுத்தது முட்டை. ஆணித் தலையில் அதை நிறுத்துகிறவர்களுக்குச் சான்றிதழ் உண்டாம்.

முதலில் இவரிடம்தான் கொடுத்தாள். இவர் ஆணியைப் பார்க்கவே இல்லை. பண்ணையில் செய்வதுபோல் முட்டையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், காதோரம் வைத்துக் குலுக்கினார். பின்னால் நின்ற வெள்ளைக்காரர்கள் அதுதான் சடங்கு என்று நினைத்து, ஆளுக்கொரு முட்டையைச் சூரியனுக்குக் காட்டிக் குலுக்கத் தொடங்கினார்கள்.

"ஏனுங்க மாமா, ஆணி மேல நிறுத்துங்க" என்றேன்.

"பழைய முட்டை புள்ள, நிக்காது" என்று என் கையில் திணித்தார்.

நான் வைத்தேன். நின்றது.

முட்டைப் படம் போட்ட அந்தச் சான்றிதழ் இப்போது பண்ணை ஆபீசில் தொங்குகிறது. "அக்கா முட்டையப் பத்தித் தனியாப் படிச்சிருக்காங்களாங்க?" என்று லோடு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் இவரிடம் கேட்கிறார்கள்.

"ஆமாங்க, வெளிநாட்டுல" என்கிறார்.