கலர் படம் வந்த கோடை

கோவில்பட்டியில் டிவி வாங்கப் போன கடையில், சுவர் அகலத் திரையில் ஒரு நெல்வயலை ஓடவிட்டு, "பச்சையப் பாருங்க அண்ணாச்சி, கண்ணுல ஒத்திக்கிடலாம்" என்று கடைக்காரர் சொன்னதும், எனக்கு எங்கள் ஊர் டூரிங் கொட்டகையின் மணல் உள்ளங்காலில் உறுத்தியது.

இப்போது பிளாட் கற்கள் நிற்கிற அந்த இடத்தில், ஓலைக் கூரைக்குக் கீழே வருஷக்கணக்காகக் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் ஓடின. பீடிப் புகைக்குள் தெரிகிற எந்த ஊர் வயலும் எங்கள் கரிசலைப் போலவே கறுத்துக் கிடக்கும், எந்த ஆறும் எங்கள் ஓடை மணலைப் போலவே வெளுத்துக் கிடக்கும். நாடு முழுக்க இப்படித்தான் என்று அப்பா நிம்மதியாகப் பார்ப்பார். அம்மா ஆசை தீர அழுதுவிட்டு வந்து நன்றாகத் தூங்குவாள்.

மழை பொய்த்து, எங்கள் காளைகள் பழைய கூரை ஓலையைத் தின்றுகொண்டிருந்த கோடையில் முதல் கலர் படம் வந்தது. திரை முழுக்கப் பச்சை. கதாநாயகி பாடிக்கொண்டே ஒரு கை புல்லைப் பிடுங்கிக் கன்றுக்குட்டிக்குக் காட்டி, அது வாய் வைப்பதற்குள் சிரித்தபடி காற்றில் வீசினாள்.

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டினார். "எந்திலே, போவோம்."

மறுநாள் காலையில் அடிமாட்டு வியாபாரி வந்தார். மாட்டை விற்றாலும் எங்கள் பக்கம் கயிற்றைக் கொடுப்பதில்லை. கயிறு வீட்டில் கிடந்தால் மாடு திரும்ப வந்து சேரும் என்று நம்பிக்கை. "கயித்தயாவது அவுத்துக்கிடுங்க" என்று அம்மா கையை நீட்டினாள்.

"மழையெல்லாம் பெஞ்சுகிட்டுத்தாம்ட்டி இருக்கு, நமக்குத்தான் இல்ல" என்ற அப்பா, கயிற்றோடு ஓட்டிவிட்டார்.