பெத்தம்மாளின் மூன்றாம் பாகம்

புலாவ் செபாங் ஸ்டேஷனிலிருந்து செம்மண் பாதையில் போனால் வரும் ரப்பர் தோட்டத்தில் பெத்தம்மாள் ஆயா வேலை பார்த்தாள். தாய்மார் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போனபின் அவர்களுடைய பிள்ளைகளை அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டிலில் அழுகிறவர்கள், தரையில் தவழ்கிறவர்கள், வாசலைத் தாண்டி ஓடப் பார்க்கிறவர்கள் என்று அவளுடைய குடிமக்கள் மூன்று சாதி. கூரை மட்டும் சாதி பார்க்காமல் எல்லார் மேலும் ஒழுகியது.

ஒரு மார்கழி மாதம் பட்டணத்துக்குத் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி சாமிக்கண்ணு நகரசபையில் பியூன். அன்று சபைத் தலைவரான வெள்ளைக்காரத் துரையின் ஆண்டுப் பேச்சு. அக்காளை வராந்தாவில் நிறுத்தி, ஜன்னல் வழியே வந்ததையெல்லாம் தமிழில் சொன்னான். போன ஆண்டு எத்தனை தெருவுக்கு விளக்கு போட்டோம், வரும் ஆண்டு எங்கே சாக்கடை வெட்டப்போகிறோம்.

"போன வருசம் என்னென்ன செய்யப்போறதா சொன்னாரு? அதெல்லாம் ஆச்சாடா?"

"அது போன வருசப் பேச்சுக்கா. இது இந்த வருசப் பேச்சு."

"ரெண்டையும் சேத்துப் பாக்குறது யாரு?"

"அதுக்கு ஆள் போடலக்கா."

பெத்தம்மாள் தோட்டத்துக்குத் திரும்பினாள். மாட்டுப் பொங்கலன்று கொட்டகை வாசலில் ஜனத்தைக் கூட்டித் தன் ஆண்டுப் பேச்சைப் பேசினாள். முதல் பாகம், நடந்தது: யார் பிள்ளைக்குப் பல் முளைத்தது, யார் பிள்ளை மண் தின்பதை விட்டது. இரண்டாம் பாகம், நடக்கப்போவது. மூன்றாம் பாகம் அவளே சேர்த்தது: சொல்லிவிட்டுச் செய்யாதது.

"தொட்டிக் கயித்த மாத்துறேன்னேன். மாத்தல. ஏசுறவங்க ஏசுங்க."

ஏசுவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. தாமும் எழுந்து சொல்லத்தான் ஆசை வந்தது. அடுத்த வருடம் மரம் வெட்டும் மணியம் எழுந்தான்.

"கள்ள விடுறேன்னேன். விட்டேன். அதுவா தேடி வந்திருச்சு."

"தேடி வரல, இவருதான் ஆள் விட்டுக் கூப்பிட்டாரு!" என்று கூட்டத்திலிருந்து அவன் பெண்டாட்டி வேலாயி கத்தினாள்.

இதெல்லாம் சிரிப்பு. கூரை சிரிப்பில்லை. மழைக்காலம் முழுக்கப் பெத்தம்மாள் தொட்டில்களை மூலைக்கு மூலை மாற்றிக் கட்டினாள். முனியம்மாவின் கைக்குழந்தைக்கு வந்த இருமல் போகவே இல்லை. "இந்தா வந்திரும் அத்தாப்பு" என்று சொன்னவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி காளிதாஸ். தினமும் வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுகிறவர் அவர். அவர் பேனா ஒரு வரி தவறினால் அன்றைய கூலி போச்சு. அதனால் அவரை யாரும் கேட்பதில்லை.

அந்தப் பொங்கலுக்குப் பெத்தம்மாள் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டாள். மூன்றாம் பாகம் வந்ததும், "ஐயா, கூரை?" என்றாள்.

காளிதாஸ் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொன்னேன். செய்யல. தப்பு என்னுதுதான்."

என்ன கைத்தட்டல்! வண்டிக்கார வீரப்பன் மாட்டுக்கு வைத்திருந்த மாலையை அவர் கழுத்தில் போட்டான். கூரை வந்த மாதிரியே இருந்தது எல்லாருக்கும்.

வரவில்லை. அடுத்த பொங்கலுக்குக் காளிதாஸ் கூப்பிடாமலே, முகத்தில் பவுடரோடு வந்தார். "இந்த வருசமும் செய்யல. ராத்திரி மழ பேஞ்சா, என் நெஞ்சுலதான் ஒழுகுது" என்றார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

"நான் குடிச்சதுக்கு இவ்ளோ கை தட்டலையே, லா" என்று மணியம் பொருமினான்.

பெத்தம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கூரையைப் போட்டுவிட்டால் இந்த மனிதனுக்குப் பேச என்ன மிஞ்சும்?

அந்த வருடம் அவள் தைக்குக் காத்திருக்கவில்லை. ஐப்பசியிலேயே கூட்டம், அதுவும் கொட்டகைக்குள். "தையில வெயிலுங்கய்யா, ஒங்க ஒடம்புக்கு ஆவாது." நாற்காலியை நடுவில் போட்டாள். உள்ளே வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிள்ளையைக் கொடுத்தாள். கிராணியார் மடியில் முனியம்மாவின் இருமல் குழந்தை உட்கார்ந்தது.

மழை பிடித்தது. அவர் நாற்காலியை நகர்த்தினார், அங்கேயும் சொட்டியது. குழந்தை நனையாமலிருக்கக் குனிந்தார். தண்ணீர் காலருக்குள் இறங்கியது.

"மூணாம் பாகத்த ஆரம்பிக்கலாமே ஆயா?"

"மொதப் பாகம் முடியட்டுங்கய்யா."

முதல் பாகம் அன்று முடிகிற மாதிரியே இல்லை. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக வந்தது. இரண்டாம் பாகமும் இழுத்தது. கடைசியில் காளிதாஸ் பிள்ளையோடு எழுந்து, "கூரையப் போடுறேன்னு சொன்னேன். செய்யல" என்று நெஞ்சில் கை வைத்தார்.

யாரும் தட்டவில்லை. தட்ட எவருக்கும் கை காலியில்லை. குழந்தை இருமியது, இருமி இருமி அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டது. அவர் அதன் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கே போட்டுர்றேன்" என்றார், தாழ்ந்த குரலில்.

"அது ரெண்டாம் பாகங்கய்யா. அது முடிஞ்சிருச்சு" என்றாள் பெத்தம்மாள்.

காளிதாஸ் பிள்ளையை அணைத்தபடி கத்தினார்:

"ஏய் வீரப்பா! வண்டியக் கட்டு. என் மாட்டுக் கொட்டாய்க்கு அத்தாப்பு அடுக்கி வச்சிருக்கேன் பாரு, அள்ளிட்டு வா!"

வண்டி வந்து, ஏணி ஏறி, கூரையில் முதல் ஓலை விழும்வரை அந்தக் குழந்தையை அவர் கையிலிருந்து யாரும் வாங்கவில்லை.