எந்த ஊரு சார்?

திருவண்ணாமலையில சனிக்கிழமை ஆனா கோயில் கூட்டம்னு எங்க தெரு முனையில போலீஸ் தடுப்பு வெச்சிடும். லாட்ஜுக்கு வர்ற வெளியூர் காரை விட்டுடுவாங்க. எங்க ஸ்கூட்டரைத்தான் மடக்கி ஃபைன் போடுவாங்க.

அன்னைக்கு நான் மச்சானோட கர்நாடகா நம்பர் காரை ஓட்டிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு செல்வி அக்காவை மடக்கி வெச்சிருந்தாங்க. ஸ்கூட்டர் பின்னால காய்ச்சலோட அவங்க பொண்ணு.

"ஆதார் இல்லாம உள்ள விட முடியாது"ன்னார் போலீஸ்காரர்.

அக்கா என்னைப் பார்த்துட்டாங்க. "தம்பி, என் வீடு இங்கதான்னு சொல்லுப்பா."

போலீஸ்காரர் என் பக்கம் குனிஞ்சார். "எந்த ஊரு சார்?"

நான் சீட் பெல்ட் போடலை. உள்ளூர்னா ஃபைன்.

"பெங்களூரு"ன்னேன். தடுப்பை நகர்த்தி வழி விட்டார்.

மறுநாள் குழாயடியில அக்கா சாதாரணமா கேட்டாங்க, "எப்ப பெங்களூரு திரும்பறீங்க?"

தெருவே போலீஸைத் திட்டும்போது இப்ப நான் மட்டும் வாயைத் திறக்கறதில்லை.