தாடி வைத்த மறு உலகத்தார்

தொலைக்காட்சியில் பல வருடம் ஓடுகிற விண்வெளித் தொடர் எதுவானாலும் ஒரு வாரம் அதன் ஆட்கள் வழி தவறி இன்னோர் உலகத்துக்குள் போய் விழுவார்கள். அங்கேயும் அதே கப்பல், அதே முகங்கள். ஆனால் எல்லோரும் பொல்லாதவர்கள். இடுப்பில் கத்தி, பார்வையில் சூது, யாராவது ஒருவருக்குக் கட்டாயம் தாடி. என் பிள்ளைகளுக்கு இது பெரிய பகிடி. "தாடி வைச்சால் கெட்டவனோ அம்மா?" என்று சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. இந்தக் கதையை முதலில் யோசித்த ஆள் யாரென்று தெரிந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். அதற்குக் காரணம் என் அப்பாவின் தாடி.

நாங்கள் அப்போது ஓலைத்தொடுவாய் என்ற கடற்கரை ஊர்ப் பக்கம் இருந்தோம். அப்பாவுக்குக் கடல் தொழில். பெரிய வெள்ளிக்கு முன் கோயில் வளவில் ஆண்டவரின் பாடுகளை மேடையில் நடித்துக் காட்டுவார்கள். அதில் ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கும் யூதாசு அப்பாதான். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று சவரம் செய்வதை நிறுத்திவிடுவார். தாடி கறுக்கத் தொடங்கியதும் ஒழுங்கையில் பகிடி தொடங்கும். "யூதாசு வாறார், பிள்ளையளை ஒளியுங்கோ" என்று பெண்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள். இதே பெண்கள்தான் வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முதலில் அப்பாவைத் தேடி ஓடிவருவார்கள். பகிடியைக் கேட்டு அப்பாவும் சிரித்துக்கொண்டே போவார். எனக்குத்தான் பொறுக்காது. பள்ளிக்கூடத்தில் நாற்பது நாளும் நான் யூதாசின் மகள். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முதல் நாள் அப்பா தாடியை எடுத்ததும் ஊர் எல்லாவற்றையும் மறந்துவிடும். நான் மறக்கமாட்டேன்.

பதின்மூன்று வயதில் ஒரு விபூதிப் புதனுக்கு முதல் நாள், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"இந்த முறை நடிக்க வேண்டாம் அப்பா. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அவர் வலை ஊசியைக் கீழே வைத்தார். பிறகு, "ஓம் பிள்ளை" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் பங்குச் சுவாமியிடம் போய்த் தன்னால் முடியாதென்று சொல்லிவிட்டு வந்தார். அந்தத் தவக்காலம் முழுக்க ஒரு நாள் விடாமல் சவரம் செய்தார். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோசம்தான்.

புது யூதாசு பக்கத்து ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு இளந்தாரி. நல்ல குரல், நல்ல உயரம், நல்ல தாடியும்கூட. ஆனால் அவன் ஆண்டவரை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தபோது பின்வரிசையில் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா நடித்த வருடங்களில் அந்த இடத்தில் கைக்குழந்தைகூட அழாது. நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். மழித்த முகத்தோடு என் பக்கத்தில் நின்றார். யூதாசின் ஒவ்வொரு வசனத்துக்கும் அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் காணாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதே வருடம்தான் அந்தக் கதையைப் பார்த்தேன். எங்கள் இங்கிலீஷ் ரீச்சர் வீட்டில் தொலைக்காட்சி இருந்தது. இந்திய ஒளிபரப்பு தெளிவாகத் தெரியும். கொழும்பு உப்புத் தூவினது போலத்தான் தெரியும். அந்த உப்புக்குள்ளே கிழமைக்கு ஒரு தடவை விண்வெளிக் கப்பலொன்று போகும். அதை நடத்தும் கப்பற்காரர் அரை மணித்தியாலம் பேசினால் ரீச்சர் "பயப்பட வேண்டாமாம்" என்று மொழிபெயர்ப்பார். எங்களுக்கு அது போதும். ஒரு வருடமாகப் பார்த்து அந்தக் கப்பற்காரர் எங்களுக்குச் சொந்தக்காரர் போல ஆகியிருந்தார்.

ஒரு கிழமை அவர் தாடியோடு வந்து தன் ஆளையே கத்தியால் குத்தினார்.

"உவன் கள்ளனெண்டு எனக்கு முதலே தெரியும்" என்றார் பக்கத்து வீட்டு மாமி. முந்தின கிழமைவரை கப்பற்காரருக்காகச் செபமாலை சொன்னவர் மாமி.

"இல்லை மாமி, இது வேற உலகத்து ஆள். நடிக்கிறது மட்டும் ஒரே ஆள்" என்றார் ரீச்சர்.

எனக்குப் புல்லரித்தது. எங்கள் நல்ல கப்பற்காரர் கதிரையின் நுனியில் இருப்பார், யார் கூப்பிட்டாலும் எழும்புகிறவர் போல. இந்தத் தாடிக்காரர் கதிரை முழுவதையும் தனதாக்கிக்கொண்டு சாய்ந்திருந்தார். முன்பின் தெரியாத ஒருவன் தாடியோடு வந்திருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். ஒரு வருடம் நேசித்த முகம் என்றபடியால்தான் பயந்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அப்பா முத்தமிடும்போது ஊர் ஏன் வாயடைத்து நின்றதென்று. தங்கள் வீட்டு நோயாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு போன ஆள் காட்டிக்கொடுக்கிறாரே என்று அவர்களுக்கு நெஞ்சு பதறியிருக்கிறது. அந்த இளந்தாரி யாருக்கு என்ன செய்தவன், பாவம்.

கதையின் மிச்சம் அடுத்த கிழமை. நான் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். முழுவதையும் பார்த்தார். திரும்பி மணலில் நடந்து வரும்போது சொன்னார்.

"கெட்டிக்காரன். கதிரையில இருக்கிற விதத்திலயே ஆளை மாத்திப்போட்டான்."

கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டார். "அந்த ஆளுக்குப் பிள்ளையள் இருக்குதோ?"

"தெரியாது அப்பா. இருந்தால் அதுகளுக்குப் பெருமையாத்தான் இருக்கும்" என்றேன். பிறகு, "வாற வருசம் நீங்களே நடியுங்கோ" என்றேன்.

"பாப்பம் பிள்ளை."

அடுத்த தவக்காலம் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது. அப்பாவின் வள்ளத்திலேயே கடல் கடந்து அக்கரைக்குப் போய் மண்டபம் அகதி முகாமில் இருந்தோம். மேடை இல்லை, உடுப்பு இல்லை, எங்கள் ஊர்ச் சனத்தில் பாதியும் இல்லை. விபூதிப் புதன் வந்தது. ஒரு கிழமை கழித்துத்தான் அப்பாவின் முகத்தைக் கவனித்தேன். தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது பின்னால் நின்றவர் அப்பாவிடம் இரக்கப்பட்டுக் கேட்டார். "சவரத்துக்குப் பிளேட் இல்லையோ அண்ணை? நான் தாறன்."

"பிளேட் இருக்கு" என்றார் அப்பா, தாடியைத் தடவிக்கொண்டு. "இந்த முறை யூதாசாக நடிக்கச் சொல்லி மகள் கேட்டவள்."