பாம்கோல் மேட்டைச் சுற்றி வந்தவள்

சபையின் ஐம்பதாம் ஆண்டு மலரில் மேங் கப்சூன் அக்காவுக்கு நாலு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். தொடக்க கால விசுவாசி, குழுத் தலைவி, ஜெப வீராங்கனை என்று போட்டு, பக்கத்தில் ஒரு படமும் வைத்திருக்கிறார்கள். படத்தில் இருப்பது அவள் இல்லை. பாடகர் குழுவில் இருந்த வேறு யாரோ ஒருத்தி. அறுபதாயிரம் பேர் வந்துபோகிற சபையில் ஒரு கிழவியின் முகம் மாறிப்போனது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. நாலு வரியில் விட்டுப்போனதை நானாவது எழுதி வைக்கிறேன்.

அக்கா சியோலுக்கு வந்தது அறுபத்தாறாம் வருஷக் குளிரில். புருஷன் நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணோடு போய்விட்டான். பிள்ளை இல்லை. பாம்கோல் மேட்டில் படிக்கட்டுகளை ஒட்டி வீடுகள் ஏறும். அதில் ஏழாவது படிவரிசையில், என் வீட்டுக்கு மேல் வீடு அவளுக்கு. வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு பலகையும் தார்த்தாளும்தான். மேடே அப்படித்தான் இருந்தது. நகராட்சி நிலம், யார் பேரிலும் பத்திரம் கிடையாது. நான் ஏற்றுமதிக்காரனுக்குச் சவுரி முடி கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா பூண்டு உரித்துச் சந்தையில் விற்பாள். அவள் கையைப் பிடித்தால் சோப்புப் போட்டாலும் வாடை போகாது.

அந்தக் குளிரிலேயே ஒருநாள் காலையில் அவள் கதவு திறக்கவில்லை. குளிருக்காகத் தரைக்கு அடியில் எரிக்கிற கரிக்கட்டியின் புகை தரை விரிசல் வழியாக ஏறிவிட்டது. எங்கள் மேட்டில் வருஷத்துக்கு நாலைந்து பேர் அப்படித்தான் போவார்கள். கதவை உடைத்து அவளை முதுகில் சுமந்துகொண்டு வெளியே வந்தவர் போதகர் சொன்வூ. அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. ராணுவம் கழித்துப்போட்ட கிழிந்த கூடாரத்தை மேட்டுக்குக் கீழே அடித்து, ஆறு பேரை வைத்துக்கொண்டு சபை நடத்திக்கொண்டிருந்தார். அக்காவைப் பனியில் கிடத்தி, புகைக்கு மருந்தென்று முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயின் தண்ணீரை வாயில் ஊற்றினார். அவள் இருமிக்கொண்டு எழுந்தாள்.

"யாருய்யா நீ? உப்பைக் கரைச்சு ஊத்துற?"

"நான் ஊத்தலம்மா. ஆண்டவர் ஊத்தினார்."

"அப்ப உங்க ஆண்டவருக்குக் கிம்ச்சி போடத் தெரியலன்னு சொல்லு."

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தோம். போதகர்தான் அதிகம் சிரித்தார். அடுத்த ஞாயிறு அக்கா ஏழாவது ஆளாகக் கூடாரத்துக்குப் போனாள். ஒரு மாதத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அந்த மனிதர் அப்போது நல்லவர். இதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப்போகும்.

அப்போது சபைப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உலை வைக்கும்போது வீட்டில் இருக்கிற ஆளுக்கு ஒரு கரண்டி அரிசி எடுத்து ஆண்டவர் பையில் போட்டுவிட வேண்டும். ஞாயிறு அந்தப் பை போதகர் வீட்டுக்குப் போகும். எங்கள் பைகளில் பாதி பார்லிதான். அக்கா தனி ஆள், ஒரு கரண்டி போட்டால் போதும். அவள் இரண்டு கரண்டி போடுவாள். செத்துப்போன புருஷன் பங்கும் சேர்த்தாம். "அவரு உசுரோட இருந்தப்ப ஒரு நாளும் கோயிலுக்குக் குடுத்ததில்ல, இப்பவாவது குடுக்கட்டும்" என்பாள்.

சபை வளர்ந்ததற்கு மலரில் பரிசுத்த ஆவி, தரிசனம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். நான் கண்ணால் பார்த்தது இதுதான். வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். அதுதான் குழு, அக்கா அதற்குத் தலைவி. பாட்டு, ஜெபம், வேகவைத்த சர்க்கரைவள்ளி, ஊர்க்கதை. யாருக்குப் பிரசவம், யார் வீட்டில் அடி, யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அக்காவுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. போவாள், கையைப் பிடிப்பாள், ஜெபிப்பாள், பிறகு பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு வருவாள். அந்த வீடு அடுத்த வாரம் குழுவுக்கு வந்துவிடும். பதினைந்து வீடு சேர்ந்தால் குழுவை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது சட்டம். பாதியைத் துணைத் தலைவியிடம் கொடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி ஒன்பது தடவை பிரித்தாள். ஒவ்வொரு தடவையும் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தாய் மாதிரி அழுவாள். இப்படி மேடெல்லாம், பிறகு நகரமெல்லாம் பிரிந்து பிரிந்துதான் கூடாரம் செங்கல் கட்டடமானது, ஞாயிறு ஒரு ஆராதனை ஐந்தானது, வாசலில் பேருந்துகள் நின்றன. போதகருக்குக் கார் வந்தது, காருக்கு ஓட்டுநர் வந்தார், அவரைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும் என்றானது. பாம்கோல் சபை என்ற பெயரும் போய் உலக ஒளி சபை ஆகிவிட்டது.

எண்பத்துநாலில் அக்காவிடம் இருந்தது பதினோரு வீடு. எல்லாம் எங்கள் படிவரிசைதான். நான், கொத்தனார் தோவின் பெண்சாதி போக்ரே, இன்னும் ஒன்பது வீடு. எல்லோரும் பதினெட்டு வருஷமாக ஒருத்தர் அடுப்பில் ஒருத்தர் நெருப்பு எடுத்தவர்கள். அக்கா மேற்கொண்டு ஆள் சேர்க்கிறதையே நிறுத்திவிட்டாள்.

"இன்னும் நாலு சேந்தா பிரிச்சிருவாங்க சூன்னே. எனக்குன்னு இருக்கிறது இந்தப் பதினொண்ணுதான். இதையும் வெட்டிக் குடுத்துட்டு நான் யார் வீட்டுல போயி உக்காருவேன்?"

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, குழுத் தலைவிகளைத் தனியாகக் கூட்டி ஆளுக்கொரு வரைபடம் கொடுத்தார்கள். சபைக்குப் பத்தாயிரம் பேர் உட்காரும் ஆலயம் வேண்டும், மேட்டை ஆண்டவர் நமக்குக் காட்டியிருக்கிறார், வேதத்தில் ஜனங்கள் ஏழு நாள் சுற்றி வந்து கத்தினதும் எரிகோ பட்டணத்து மதில் விழுந்ததே, அதுபோல ஏழு நாள் நிலத்தை மிதித்து ஜெபியுங்கள் என்று போதகர் சொன்னார். வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. கோடு பேருந்துச் சாலையில் தொடங்கி, பழைய கல்குவாரி ஓரமாக ஏறி, உச்சியைச் சுற்றி, எங்கள் படிவரிசைக்குப் பின்னால் இறங்கியது.

விடியற்கால ஜெபம் முடிந்ததும் நடந்தோம். அக்கா முன்னால், நாங்கள் பதினோரு பேர் பின்னால். அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. கம்பு ஊன்றிக்கொண்டு, "இந்த மண்ணைத் தாரும், இந்த மண்ணைத் தாரும்" என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்வாள். ஐந்தாம் நாள் தோ வாசலில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான். சபைக்கு வராதவன், குடிகாரன், வாய் நீளம்.

"என்ன பொம்பளைங்களா, மேட்டுக்கு வேலி கட்டுறீங்களா? அந்தக் காயிதத்தக் கொஞ்சம் காட்டுங்க." வாங்கிப் பார்த்தான். கொத்தனாருக்கு வரைபடம் படிக்கத் தெரியாமலா? "ஏக்கா, கோட்டுக்குள்ள நம்ம வீடெல்லாம் வருதே. நம்மளயும் சேத்தா கேக்குறீங்க?"

அக்கா சிரித்தாள். "நீ சபைக்கு வந்திருந்தாத்தானே உனக்குப் புரியும். சபைன்னா யாருய்யா? செங்கல்லா? நாமதான் சபை. சபைக்குக் கெடச்சா நமக்குக் கெடச்ச மாதிரி. பத்திரமில்லாம இத்தன வருசம் பயந்து செத்தோமே, இனிமே எவனும் நம்மள அசைக்க முடியாது."

நாங்கள் அத்தனை பேரும் ஆமென் என்றோம். நானும்தான் சொன்னேன், பலமாகவே சொன்னேன். ஏழாம் நாள் ஏழு சுற்று. கடைசிச் சுற்று முடிந்ததும் சாலையில் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். எரிகோவின் மதிலுக்கு உள்ளே குடியிருந்தவர்களைப் பற்றி எங்களில் ஒருத்தியும் நினைத்துப் பார்க்கவில்லை.

டிசம்பரில் படிவரிசைக் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மேடு உலக ஒளி சபைக்கும் ஒரு கட்டடக் கம்பெனிக்கும் விற்கப்பட்டுவிட்டது, ஜனவரிக்குள் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. அக்கா அதைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டு நேரே சபைக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன். மூன்று நாள் வரவேற்பறையில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்த பெண்ணுக்கு அவளை யாரென்று தெரியவில்லை. "எந்த மண்டலம், எந்தக் குழு எண்?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் உள்ளே விட்டார்கள்.

போதகர் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்தார். கண் கலங்கினார். அது நடிப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

"ஐயா, கோட்டுல ஏதோ தப்பு நடந்துபோச்சு. எங்க படிவரிசையும் உள்ள போயிருச்சு. பதினோரு வீடு. எல்லாம் உங்க பிள்ளைங்க."

"தப்பு இல்லம்மா. நீங்கதானே ஏழு நாள் நடந்து கேட்டீங்க? கேட்டது கெடச்சிருக்கு. ஆண்டவர் தந்தத நான் எப்படி வேணாங்கிறது?"

"நாங்க எங்கய்யா போவோம்? இது பனிக்காலம்."

அவர் அக்காவின் கையை விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "வர்ற ஞாயிறு மூணாவது ஆராதனையில நீங்க சாட்சி சொல்லுங்க. கூடாரத்துல இருந்து இந்த நிலம் வரைக்கும். ஜனங்க உங்க வாயால கேக்கணும். கட்டடக் குழுகிட்ட நான் பேசுறேன். பனி உருகுற வரைக்கும் உங்க படிவரிசையத் தொட மாட்டாங்க."

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "சொல்லாதக்கா. உன்ன வச்சு நம்ம வாய மூடப் பாக்குறாரு."

"பனி உருகட்டும்னு சொன்னாருல்ல. மூணு மாசம். மூணு மாசத்துல ஏதாவது வழி பொறக்காதா? போக்ரேக்கு மாசி மாசம் பிரசவம். அதுக்காகவாவது சொல்லித்தான் ஆகணும்."

சொன்னாள். இரவல் பட்டுடுப்பு போட்டு, ஒலிபெருக்கிக்கு முன்னால் குட்டையாக நின்று, கூடாரத்தையும் கரண்டி அரிசியையும் ஏழு சுற்றையும் சொன்னாள். "நாங்க கேட்டோம், ஆண்டவர் தந்தார்" என்று முடித்தாள். நாலாயிரம் பேர் அல்லேலூயா என்றார்கள். அன்றைக்கு நிலத்துக்காகக் குவிந்த காணிக்கையைப் பற்றி மலரில் தனிப் பக்கமே இருக்கிறது.

அடுத்த வியாழன் காலை இடிப்பு ஆட்கள் வந்துவிட்டார்கள். போதகர் பொய் சொன்னாரா, குழு அவர் பேச்சைக் கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது. தெரிந்து இனி ஆகப்போவதும் இல்லை. கடப்பாரையும் சுத்தியலுமாக மேல்வரிசையிலிருந்து தொடங்கினார்கள். அக்கா படியின் நடுவில் கையை விரித்து நின்றாள். "பாஸ்டர் சொல்லியிருக்காரு! பனி உருகட்டும்னு பாஸ்டர் சொல்லியிருக்காரு!" ஒருவன் அவளை இடுப்போடு தூக்கி ஓரமாக வைத்தான். தோ தன் கரண்டியும் ரசமட்டமும் இருந்த பையை எடுக்க உள்ளே ஓடினான். கொத்தனாருக்கு அதுதான் சோறு. பக்கவாட்டுச் சுவர் அவன் மேலேயே விழுந்தது. அவன் கட்டிய சுவர்தான். இழுத்துப் போட்டபோது உயிர் இல்லை. போக்ரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியதெல்லாம் அக்காதான்.

பதினோரு வீடும் திக்குக்கு ஒன்றாகப் போயிற்று. சிலர் இஞ்சோன் பக்கம், சிலர் சொங்னாம், நான் தெற்கே ஒரு நெகிழிக் கொட்டகையில். அக்காவுக்குச் சபைக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு அறை தந்தார்கள். தொடக்க கால விசுவாசி அல்லவா? அவள் அதை ஏற்றுக்கொண்டாள் என்று கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

மறு வருஷம் அவள் புறப்பட்டாள். ஒவ்வொரு வீடாகத் தேடி, பேருந்து மாறி மாறி, அந்த முழங்காலோடு. சில வீட்டில் சோறு போட்டார்கள், சில வீட்டில் திட்டினார்கள். போக்ரே கதவே திறக்கவில்லையாம். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டதாம். அக்கா வாசலில் சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு வந்திருக்கிறாள். பதினொன்றாவதாக என் கொட்டகைக்கு வந்தாள். நான் உட்காரச் சொன்னேன், பார்லித் தண்ணீர் கொடுத்தேன். ரொம்ப நேரம் அவள் டம்ளரைத் தொடவில்லை.

"எம்மேல கோவமா சூன்னே?"

"இல்லக்கா. நெசமாவே இல்ல."

"அப்ப ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போறேன். உன் வீட்டுக்கு, உன் பிள்ளைங்களுக்கு." குழுத் தலைவி ஒரு வீட்டுக்குப் போனால் ஜெபிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். பதினெட்டு வருஷமாக என் வீட்டில் அவள் அப்படி ஜெபிக்காத வாரமே கிடையாது. கையைக் கூப்பிக் கண்ணை மூடிவிட்டாள்.

"வேணாம்க்கா," என்றேன். "நீ கேட்டா அவர் குடுத்துர்றாரு. எங்களுக்காக மட்டும் எதையும் கேட்டுராத."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கூப்பிய கையைப் பிரித்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. சாகும்வரை, அந்தக் கடைசி மூன்று வருஷம், அவள் யாருக்காகவும் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை என்று நிலவறையில் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு ஜெபிக்க விட்டிருக்கலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. இப்போது வந்து கேட்டாலும் வராது.