வால் சக்கரத்துக்கு வைத்த பொட்டு

லண்டனுக்கு வந்த முதல் ஐந்து வருடமும் எங்கே வேலை செய்கிறேன் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்து திரிந்தேன். ஊரில் விஞ்ஞான ஆசிரியையாக இருந்தவள் ஹோட்டல் அறைகளில் கட்டில் விரிப்பு மாற்றுகிறாள் என்று எப்படிச் சொல்வது? ஆறாவது வருடம், எண்பதுகளின் கடைசியில், வடக்கு லண்டனில் பழைய போர் விமானங்களை வைத்திருக்கும் ஒரு மியூசியத்தில் கிளீனராகச் சேர்ந்தேன். அதன் பிறகு யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினேன். ரெய்னர்ஸ் லேன் மரக்கறிக் கடையில் எனக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாதவருக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். "மியூசியத்தில" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன். கையில் மொப் இருக்கும் விஷயம் அவருக்கு எதற்கு?

அங்கே என் பொறுப்பில் ஒரு லங்காஸ்டர் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் இரவிரவாகப் பறந்துபோய்க் குண்டு போட்ட நாலு எஞ்சின் விமானம். உள்ளே ஏறித் துடைக்க என்னை மட்டும்தான் விட்டார்கள். என் திறமையைப் பார்த்து விட்டார்கள் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் என் உயரத்தைப் பார்த்துத்தான் விட்டார்கள். நடுவில் ஒரு பெரிய குறுக்குச் சட்டம் இருக்கிறது. நெடுத்த ஆட்கள் அதைத் தாண்டும்போது கூரையில் தலையை இடித்துக்கொள்வார்கள், நான் குனிய வேண்டியதில்லை.

அந்த விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கிழவர் சொன்னது. போரில் இதே மாதிரி ஒரு விமானத்தின் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர் அவர். புதன்கிழமை தவறாமல் பஸ் பிடித்து வந்து பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்வார். ஒரு விமானத்துக்கு ஏழு பேர். அவருடைய விமானியின் வயது இருபத்திரண்டு, மற்றவர்கள் அதிலும் சின்னவர்கள். ஒரு தடவை இரண்டு எஞ்சின் நின்றுபோய், கனத்தைக் குறைக்கத் துப்பாக்கிகளையும் தேநீர்ப் போத்தல்களையும்கூடக் கடலில் எறிந்துவிட்டு வந்து இறங்கினார்களாம். ஒரு பக்கம் இழுத்த விமானத்தை நேராக வைக்க விமானி மிதியை இரண்டு காலாலும் மிதித்துப் பிடித்துக்கொண்டே வந்ததில், இறங்கியபின் அவரால் எழும்ப முடியவில்லை. மற்ற ஆறு பேரும் தூக்கி இறக்கினார்கள்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. புதன் தவிர்ந்த நாட்களில் யாராவது அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால், மொப்பைச் சாத்தி வைத்துவிட்டு நானே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவேன். மனேஜருக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் என்ன, பத்து வருடம் வகுப்பெடுத்த வாய் சும்மா கிடக்குமா?

அந்த வருடம் ஆயுத பூசை ஒரு வேலைநாளில் வந்தது. ஊரில் அன்று எங்கள் ஆய்வுகூடத்தில் தராசுக்கும் நுணுக்குக்காட்டிக்கும் பொட்டு வைப்போம். எதை வைத்து வேலை செய்கிறோமோ அதற்கு வருடத்தில் ஒரு நாள் மரியாதை. காலையில் ஒருவரும் வருவதற்கு முன், என் வாளிக்கு வைத்தேன், வாக்யூம் கிளீனருக்கு வைத்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தால் லங்காஸ்டர் நிற்கிறது. இத்தனை மாதம் என் கையால் துடைத்த சாமானை விட்டுவிட்டு வாளிக்கு மட்டும் வைப்பது எந்த ஊர் நியாயம்? எட்டிய இடம் வால் சக்கரம். அதன் நடுவில் சந்தனம் தடவி, மேலே கொஞ்சம் பெரிதாகவே குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். அப்போது ஒரு தப்பும் தெரியவில்லை.

மனேஜர் அதை இரத்த அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். குண்டுவீச்சை எதிர்க்கும் யாரோ வந்து பூசியிருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். நான் போய், நான்தான் வைத்தேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எங்கள் ஊரில் விமானத்திலிருந்து குண்டு விழுவது அப்போது பேப்பரில் வந்துகொண்டிருந்தது, நான் எங்கிருந்து வந்தவள் என்பது அவருக்குத் தெரியும். புதன்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். மியூசியப் பொருளைச் சேதப்படுத்தியதாகக் கடிதம் தயாராகும் என்றார்.

எங்கள் அகதி வழக்கு அப்போது இன்னும் முடியவில்லை. வேலை போனால் வேறு வேலை தேடலாம். 'சேதப்படுத்தினாள்' என்று கடிதம் ஒன்று இருந்தால் வழக்கு என்ன ஆகும்? அன்று இரவு சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அங்க சனத்துக்கு மேல பிளேனால குண்டு போடுறாங்கள். நீர் இங்க குண்டு போட்ட பிளேனுக்குப் பொட்டு வைச்சுப்போட்டு வந்திருக்கிறீர். விசரே உமக்கு?"

"நான் துடைக்கிற சாமான். அதுக்குத்தான் வைச்சனான்."

"அதை வழக்கில போய்ச் சொல்லும்."

வாய்க்கு வாய் பதில் சொல்லுகிற எனக்கு அதற்குப் பதில் வரவில்லை.

புதன்கிழமை போனால் அலுவலகத்தில் கிழவரும் இருக்கிறார். பறந்தவர்களின் மனம் எவ்வளவு புண்பட்டது என்று சொல்ல மனேஜர் அவரைக் கூப்பிட்டிருந்தார். கருவிகளுக்கு மரியாதை செய்யும் நாள், பொட்டு வைப்பது எங்கள் வழக்கம், அவமதிக்கவில்லை என்று எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"எந்தச் சக்கரத்தில் வைத்தாய்?" என்று கிழவர் கேட்டார்.

"வால் சக்கரத்தில்."

அவர் மனேஜர் பக்கம் திரும்பினார். "புறப்படுவதற்கு முன் நாங்கள் ஏழு பேரும் அதே சக்கரத்தைச் சுற்றி நிற்போம். நின்று, அதன் மேல் சிறுநீர் கழிப்போம். அப்படிச் செய்தால் உயிரோடு திரும்புவோம் என்று ஒரு நம்பிக்கை. இரும்பு அரிக்கும் என்று மேலதிகாரிகள் கத்தினார்கள். நாங்கள் கேட்கவில்லை. முப்பது தடவை போனோம், முப்பது தடவையும் செய்தோம். இந்தப் பெண் அதற்குச் சந்தனம் பூசியிருக்கிறாள். எங்களில் யார் அதைச் சேதப்படுத்தியது?"

மனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. பேனாவை மூடினார். கடிதம் எழுதவில்லை என்றார். ஆனால் பொட்டை இப்போதே அழிக்க வேண்டும், இனி எந்த விமானத்திலும் வைக்கக் கூடாது.

போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் பொட்டை அழி என்று ஒரு பெண்ணிடம் சொல்வது என்னவென்று அந்த மனுசனுக்கு எங்கே தெரியப் போகிறது? ஈரத்துணியோடு சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்தேன், கை போகவில்லை. கிழவர் கூடவே வந்திருந்தார். உன் ஊரில் குண்டு விழுகிறதாமே என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

"விமானத்தில் என் இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருந்தது," என்றார். "நாங்கள் குண்டு போட்ட இடமெல்லாம் எரிவதை வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வருவேன். அந்த நெருப்பை நினைத்து நான் ஒரு நாளும் பெருமைப்பட்டதில்லை. அந்த ஆறு பேரை நினைத்துப் பெருமைப்படாத நாளும் இல்லை."

என் கணவருக்குச் சொல்ல வராத பதில் அதுதான். ஊரில் குண்டு போடுகிறவர்களை நான் மன்னிக்கவில்லை, இன்றும் இல்லை. ஆனால் ஒருவரை ஒருவர் உயிரோடு கொண்டுவந்து சேர்த்த அந்த ஏழு பொடியளை நினைத்து எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. சக்கரத்தைத் துடைத்தேன்.

அவர் பர்சிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். இறக்கையின் கீழ் ஏழு பேர், எல்லாருக்கும் சிரிப்பு. இது மியூசியச் சொத்து இல்லை, இதில் வைப்பாயா என்று கேட்டார்.

இறந்தவர்களின் படத்துக்கு நாங்கள் பொட்டு வைப்பது வழக்கம் என்று சொல்லி, யார் யார் இல்லை என்று கேட்டேன். விமானியும் இன்னொருவரும் வேறு விமானத்தில் போய்த் திரும்பவில்லை. மற்ற நாலு பேரும் வயதாகிப் போனார்கள். கடைசி ஆள் போன மாதம். கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தேன். முகங்கள் சின்னவை என்பதால் கொண்டை ஊசி முனையால் தொட்டு ஒவ்வொருவராக வைத்தேன். அவர் ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார். ஆறு வைத்ததும் நிறுத்தினேன்.

"ஒன்று குறைகிறதே," என்றார், தன்னுடைய முகத்தைக் காட்டி.

"உயிரோடு இருப்பவருக்குப் படத்தில் வைப்பதில்லை," என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, என் உயரத்துக்கு நெற்றியைக் குனிந்து காட்டினார்.